அந்தக் கைக்கு ஒரு வழி

பாத்து அண்ணாச்சி, அதுமேல காலை வச்சிராதீங்க. ஒண்ணுமில்ல, பேனர்தான். ஃபிளெக்ஸ் பேனர். மடிச்சா கோடு விழுந்துரும்னு சுருட்டிக் கொண்டு போறேன். இதுக்கும் ஒரு டிக்கெட் எடுக்கணும்னு கண்டக்டர் ஒத்தக்கால்ல நின்னாரு. உள்ள எத்தனை பேரு இருக்காங்கன்னு தெரிஞ்சா அத்தனை டிக்கெட்டுல்லா போடுவாருன்னு, வாயைத் திறக்காம எடுத்துட்டேன்.

நீங்க எங்க போறிய? புளியங்குடியா? அப்ப நல்லதாப் போச்சு. நானும் அங்கதான். மாமனார் வீடு. எம் பொண்டாட்டியக் கூப்பிடப் போறேன். கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுல போயி உக்காந்துட்டா. ரெண்டு மாசம் ஆகப் போவுது. சிரிக்காதீங்க அண்ணாச்சி. எல்லா வீட்டுலயும் உள்ளதுதான். ஆனா எல்லா வீட்டுலயும் பேனரால வந்திருக்காது. எங்க வீட்டுல பேனராலதான் வந்துச்சு.

நம்ம கடை கோவில்பட்டியில. ஆவுடை டிஜிட்டல்ஸ். ஆவுடையப்பன்னா நான்தான். காதுகுத்து, கல்யாணம், கடை திறப்பு, கண்ணீர் அஞ்சலி, எது வேணும்னாலும் நம்மகிட்டதான் வருவாங்க. ஆளை வெட்டி எடுக்கதுல இந்த வட்டாரத்துல என்னை மிஞ்ச ஒருத்தன் கிடையாது. ஏம்மா, நீங்க எதுக்குப் பதறித் திரும்புறிய? அந்த வெட்டு இல்லம்மா. போட்டோவுல. கம்ப்யூட்டர்ல. நீங்க பயப்படாம முன்னால பாத்து உக்காருங்க.

விவரமாச் சொல்லுதேன் அண்ணாச்சி, புளியங்குடி வர நேரம் கிடக்கு. ஒரு போட்டோவுல பத்துப் பேரு நிக்காங்கன்னு வைங்க. எனக்கு அதுல ஒரு ஆளுதான் வேணும். அப்ப அந்த ஆளைச் சுத்தி ஒரு கோடு போடணும். அதுக்குப் பேரு செலெக்‌ஷன். அதுக்குன்னு பல டூல் இருக்கு. லாசோன்னு ஒண்ணு, சுருக்குக் கயிறு. ஆட்டுக் கழுத்துல எறியுற மாதிரி ஆளைச் சுத்தி இழுத்துக்கிட்டே போகணும், கை நடுங்கிச்சின்னா காது போயிரும். பென் டூல்னு ஒண்ணு. அது கோலம் போடுறாப்புல, புள்ளி புள்ளியா வச்சுக்கிட்டே வரணும். நேரம் எடுக்கும், சுத்தமா வரும். மேஜிக் வாண்டுன்னு ஒண்ணு இருக்கு, மந்திரக்கோல். ஒரு இடத்துல தட்டினாப் போதும். அந்தக் கலரு எங்க இருக்கோ அதுவே தேடிப் பிடிச்சிரும். சோம்பேறிக்குன்னே செஞ்சதுன்னு சொல்லுவாங்க. எனக்கு அதான் கைக்கு வாட்டம்.

கோடு போட்டு முடிச்சதும் அந்தக் கோடு சும்மா இருக்காது. ஓடிக்கிட்டே இருக்கும், குட்டிக் குட்டிக் கோடா. எறும்பு ஊருதுன்னு நாங்க சொல்லுவோம். எறும்பு யாரைச் சுத்தி ஊருதோ அவங்கதான் ஆளு. மத்தது எல்லாம் பேக்ரவுண்டு. டெலீட்டைத் தட்டினாப் போயிரும். அம்புட்டுதான் தொழிலு.

எம் பொண்டாட்டி பேரு உலகம்மா. கல்யாணம் ஆன புதுசுல எம் பக்கத்துல ஸ்டூலைப் போட்டு உக்காந்து இதையேதான் பாத்துக்கிட்டு இருப்பா. ஒரு நாள் கேக்கா, "என்னைச் சுத்தி எப்பங்க எறும்பு ஊரும்?"னு. கிறுக்கி. "உனக்கு எதுக்குட்டி பேனரு, நீ என்ன கவுன்சிலரா?"ன்னேன். சிரிச்சா. நல்லாத்தான் சிரிச்சா. அதுக்கப்புறம் அவ கேக்கல, நானும் மறந்துட்டேன்.

எங்களுக்குப் பிள்ளைகுட்டி இன்னும் இல்ல. அதனால பகல் பூரா அவளும் கடையிலதான் கிடப்பா. டைப்பிங் அவதான், எனக்கும் தமிழ் எழுத்துக்கும் கொஞ்சம் ஆகாது. பேனர் ஓரம் ஒட்டுறது, கயிறு கட்டுற வளையம் அடிக்கிறது, வாற ஆளுகிட்ட பேசுறது, பேசாம போற ஆளுகிட்ட பாக்கியக் கேக்குறது, எல்லாம் அவதான். பிரிண்டுக்குப் போகுமுன்ன கடைசியா ஒருக்கா உத்துப் பாப்பா. "ஏங்க, இந்தப் பிள்ளைக்கு ஒரு காதுதான் இருக்கு"ம்பா. "ஏங்க, செத்தவரு போட்டோவையும் கொடுத்தவரு போட்டோவையும் மாத்தி வச்சிட்டிய"ம்பா. அப்படி ஏதாவது ஒண்ணு. மத்தபடி கடையில அவளுக்குப் பெரிய வேலை ஒண்ணும் கிடையாது.

இப்ப நானேதான் டைப் பண்ணுதேன். போன வாரம் கழுகுமலைக்காரரு ஒருத்தரு மக மஞ்சள் நீராட்டு விழாவுக்குப் பேனர் கேட்டாரு. "மஞ்சள் நீரோட்ட விழா"ன்னு போயிட்டு. ரெண்டு எழுத்துதான். அதுக்கு அந்த மனுசன் கடை வாசல்ல நின்னு போட்ட சத்தம் இருக்கே! எழுத்து எவ்வளவு அழகா இருந்துச்சு, தங்கக் கலருல நிழல் கொடுத்து, அதை ஒரு வார்த்தை சொல்லல.

எங்க விட்டேன்? ஆங், சண்டை வந்த பேனரு. மாமனாரு மணிவிழாவுக்குப் போட்டது.

எங்க மாமா சங்கரலிங்கம், புளியங்குடியில எலுமிச்சங்கா கமிஷன் கடை வச்சிருக்காவ. நீங்க அந்த ஊருன்னா தெரிஞ்சிருக்கும். தெரியாதா? சரி. அத்தை பேரு கோமதியம்மா. மாமாவுக்கு அறுபது முடிஞ்சு, மண்டபம் பிடிச்சு அறுபதாம் கல்யாணம் வச்சாவ. வாசல் பேனர் மருமகன் பொறுப்புன்னு நான் சொல்லிட்டேன். யாரும் கேக்கல, நானாத்தான் சொன்னேன். இருபதடி. உலகம்மா கிட்டகூடக் காட்டல. "ஒருக்கா பாத்துருதேங்க"ன்னா. "உங்க அப்பா அம்மாவுக்கு நான் செய்யுதேன், நீ எதுக்கு நடுவுல? அன்னைக்குப் பாரு"ன்னு ஸ்கிரீனைத் திருப்பி வச்சிக்கிட்டேன். ஒரு சர்ப்ரைஸா இருக்கட்டுமேன்னுதான்.

அத்தை இருக்காவல்லா, போட்டோன்னாலே ஆகாது. எவனாவது கேமராவைத் தூக்கினா அடுப்படிக்குள்ள போயிருவாவ. தேடோ தேடுன்னு தேடி ஒரே ஒரு படம் கிடைச்சது. மச்சான் மாரிச்செல்வம் புதுவீட்டுக்குப் பால் காய்ச்சுனப்ப எடுத்தது. பின்னால சிவப்பு வெல்வெட்டுத் துணி கட்டியிருக்கு. முன்னால ரெண்டு நாற்காலியில மாமாவும் அத்தையும். அதுல அத்தை சிரிக்காவ அண்ணாச்சி! வாய்விட்டுச் சிரிக்காவ. அவங்க பல்லை நான் பாத்ததே அந்தப் படத்துலதான். பின்னால உலகம்மா குனிஞ்சு நிக்கா, அம்மா தோள்ல கையைப் போட்டுக்கிட்டு காதுல என்னவோ சொல்லுதா. அதுக்குத்தான் அந்தச் சிரிப்பு. அது கிடக்கட்டும். எனக்கு வேண்டியது மாமாவும் அத்தையும். எறும்பை அவங்க ரெண்டு பேரைச் சுத்தி விடணும், வேலை முடிஞ்சிட்டு.

பென் டூல் போட்டிருக்கலாம். ஆனா முகூர்த்த சீசன், தலைக்கு மேல வேலை. மேஜிக் வாண்டை எடுத்து அந்தச் சிவப்புத் துணியில ஒரு தட்டுத் தட்டினேன். துணி என்ன ஒரே சிவப்பாவா இருக்கு? மடிப்புல கருஞ்சிவப்பு, வெளிச்சம் பட்ட இடத்துல வேற சிவப்பு. பாதிதான் பிடிச்சது. டாலரன்ஸுன்னு ஒண்ணு இருக்கு. எம்புட்டு வித்தியாசத்தைப் பொறுத்துக்கிடணும்னு அதுக்கு நாம சொல்லி வைக்கிறது, பொறுமை மாதிரி. அதை நல்லா ஏத்தி விட்டேன். இன்னொண்ணு, தட்டின இடத்தை ஒட்டி இருக்குற சிவப்பு மட்டும் போதுமா, இல்ல படத்துல எங்க சிவப்பு இருந்தாலும் வேணுமான்னு கேக்கும். நாற்காலிக் கைப்பிடி இடுக்குல எல்லாம் துணி தெரிஞ்சுதா, அதுக்காக எங்க இருந்தாலும் எடுன்னு விட்டுட்டேன். டெலீட். துணி போயிட்டு. பிறவு உலகம்மாவை லாசோ போட்டுச் சுத்தி எடுத்தேன். அது ஒரு நொடி வேலை. பின்னால சந்தனக் கலரைக் கொடுத்து, ரெண்டு பக்கமும் குத்துவிளக்கு, மேல பிள்ளையாரு.

அதுல ஒரு கூத்து கேளுங்க. மாமா வெத்தலை போடுறவங்க. உதடு செக்கச்செவேல்னு இருக்கும். துணியோட சேந்து மாமா உதடும் போயிட்டு! வாய் இருக்க வேண்டிய இடத்துல சந்தனம் பூசின மாதிரி இருக்கு. நல்லவேளை, கண்ணுல பட்டுது. பதறிப்போயி உதட்டைத் திரும்பக் கொண்டாந்து, ஓரம் தேச்சு, இருந்ததைவிட எடுப்பா ஆக்கிட்டேன். மாமனாருல்லா. மாமா உதட்டுலயே பாதி நாள் போயிட்டு. அத்தையப் பாக்க நேரமில்ல. அவங்க சரியாத்தான இருப்பாங்கன்னு விட்டுட்டேன்.

கீழ வரிசையா "அன்புடன் வரவேற்கும்"னு குடும்பத்து ஆளுக. மச்சான், அவரு பொண்டாட்டி, அவங்க பிள்ளைக, மாமாவோட தம்பி. கமிஷன் கடைக் கணக்கப்பிள்ளை தன் போட்டோவையும் அனுப்பி வச்சாரு, அவரையும் ஒரு ஓரத்துல வச்சேன். மனுசன் மனசு நோகக் கூடாதுல்லா. வலது பக்கம் நான். கூலிங் கிளாஸ் போட்டுக்கிட்டு, போனைக் காதுல வச்சுப் பேசிக்கிட்டே நடந்து வாற மாதிரி. கொஞ்சம் பெரிசாத்தான் வச்சேன். மருமகன்னா ஒரு மரியாதை வேணும்லா? உலகம்மா போட்டோவா? வைக்கல. இடம் இல்ல. எம் பேருக்குக் கீழ அவ பேரை எழுத்துலயாவது போடலாம்னு பாத்தேன். அங்க கடை போன் நம்பர் வந்துட்டு.

மணிவிழா அன்னைக்கு மச்சான்தான் ஏணி போட்டு ஏறிக் கட்டுனாரு. பக்கத்துல இருந்து பாத்தா ஒண்ணும் தெரியாது அண்ணாச்சி. இருபதடிப் படம், அத்தை நெத்தி மட்டும் ஒரு முறம் அகலம். தள்ளி நின்னாத்தான் மூஞ்சி மூஞ்சியாத் தெரியும். முதல்ல தள்ளி நின்னு பாத்தது ஆரு தெரியுமா? மாமாவுக்குச் சித்தி மக, தங்கச்சி முறை. ராயகிரியில இருந்து ஆட்டோவுல வந்து இறங்குறாவ. இறங்கினதும் அண்ணாந்து பாக்காவ. அத்தை நெத்தியில பொட்டு இல்ல. வகிட்டுல குங்குமம் இல்ல.

ஆமா அண்ணாச்சி. எங்க சிவப்பு இருந்தாலும் எடுன்னேன்லா. எடுத்துட்டு. பின்னால நான் போட்டது சந்தனக் கலரா, பொட்டு இருந்த ஓட்டை வழியா அதுதான் தெரிஞ்சிருக்கு. பாத்தா நெத்தி மாதிரியே இருக்கும். அதான் எனக்குப் பிடிபடல. வேற கலரு பேக்ரவுண்டு போட்டிருந்தா அப்பவே கண்டுபிடிச்சிருப்பேன். என் நேரம், சந்தனத்தைப் போட்டேன்.

அந்தம்மா என்ன நினைச்சாவளோ, "ஏ எங்கண்ணே, எங்கள விட்டுட்டுப் போயிட்டியே"ன்னு மண்டபத்து வாசல்லயே உக்காந்து மாருல அடிச்சிக்கிட்டு அழ ஆரம்பிச்சிட்டாவ. நாதஸ்வரக்காரரு வாசிக்கிறதை நிறுத்திட்டாரு. உள்ள இருந்து எங்க மாமா, பட்டு வேட்டியும் கழுத்துல மாலையுமா, "ஏட்டி, ஆருட்டி செத்தது?"ன்னு ஓடி வாராவ. அவங்களைப் பாத்ததும் அந்தம்மா இன்னும் ஓங்கி அலறிட்டாவ.

கூட்டம் கூடிட்டு. அத்தைக்கு அடையாளமே அந்தப் பொட்டுதான், கேட்டியளா. பழைய ஒத்த ரூவாத் துட்டு அகலத்துக்கு வைப்பாவ. எலுமிச்சங்கா மார்க்கெட்டுல பாதிப் பேருக்கு அவங்க பேரு தெரியாது, பொட்டுக்கார அம்மான்னாத்தான் தெரியும். அந்தப் பொட்டு இல்லாம, அதுவும் அறுபதாம் கல்யாணத்தன்னைக்கு, ஊரு பாக்க இருபதடியில! மாமாவோட தம்பி என் சட்டையைப் பிடிச்சிட்டாரு. நான் நிதானமாத்தான் சொன்னேன், "சின்ன மாமா, இது என் கைத்தப்பு இல்ல, டாலரன்ஸ் கூடிட்டு"ன்னு. "என்னல கூடிச்சு? என்னல கூடிச்சு உனக்கு?"ன்னு கையை ஓங்கிட்டாரு. தொழில் தெரியாதவங்ககிட்ட தொழிலைப் பேசவே கூடாது.

மச்சான் என்ன பண்ணினாரு, பந்தியில இருந்து ஒரு பேப்பர் தட்டை எடுத்து, குங்குமத்தைக் குழைச்சு அதுல பூசி, ஏணியில ஏறி நெத்தியில ஒட்டிட்டாரு. ஒட்டுறவரு நடுவுல ஒட்டலாம்லா? ஒரு சாண் தள்ளி, புருவத்து மேல ஒட்டிட்டாரு. காத்தடிக்கும்போது பொட்டு படபடன்னு அடிக்குது. எனக்கு வயிறு எரிஞ்சிட்டு அண்ணாச்சி. பாத்துப் பாத்து டிசைன் பண்ணினவனுக்குத்தான அந்த வலி தெரியும்.

ஆனா அத்தை தங்கம். வெளிய வந்து மேல பாத்தாவ. முந்தானையை வச்சு வாயைப் பொத்திக்கிட்டு சிரிச்சாவ. "பொட்டு என் நெத்தியிலதான இருக்கு. அதுல இல்லன்னா என்ன கெட்டுப்போச்சு? மாப்ள சட்டையை விடுங்க, எல்லாரும் சாப்பிட வாங்க"ன்னு சொல்லிட்டாவ. அதோட சரி. மேளம் அடிச்சாங்க, மாமா தாலி கட்டினாவ, பாயாசம் ஊத்தினாங்க. சட்டையைப் பிடிச்ச சின்ன மாமாவே, "மாப்ளைக்கு இன்னொரு அப்பளம் வைங்கப்பா"ன்னு சொல்லுதாரு. பொட்டு விசயம் அன்னைக்கு மத்தியானமே முடிஞ்சிட்டு. அதுதான் எனக்கு விளங்கல. எல்லாரும் விட்டுட்டாங்க, இவ விடல.

உலகம்மா பந்திக்கு வரல. தேடிக்கிட்டுப் போறேன், பேனருக்கு நேர் எதிர்ல, வெயில்ல, தன்னந்தனியா நின்னு அண்ணாந்து பாத்துக்கிட்டு இருக்கா. பேப்பர் தட்டைத்தான் பாக்கான்னு நினைச்சேன். பக்கத்துல போனேன். எம் பக்கம் திரும்பாமலே கேக்கா.

"அம்மா தோள்ல இருக்குற கை ஆருது?"

அப்பதான் நானும் பாத்தேன். அடக் கடவுளே! அத்தை தோள்மேல நாலு விரல் கிடக்கு. இவளை லாசோ போட்டு எடுத்தேன்லா, தோளுக்கு மேல கிடந்த கையை விட்டுட்டேன். ஆளு இல்ல, கையும் இல்ல, விரல் மட்டும். ஒரு விரல்ல மோதிரத்தோட, சேலை மேல அப்படியே உக்காந்திருக்கு. பொட்டுக் கலவரத்துல ஒருத்தரும் அதைக் கவனிக்கல. இவ கவனிச்சிட்டா. நான் சொன்னேன்லா, தப்புன்னா அவ கண்ணு டக்குன்னு பிடிச்சிரும்.

"உன் கைதான்"ன்னேன்.

"அப்ப நான் எங்க?"ன்னா.

"நீ பேக்ரவுண்டோட போயிட்டே"ன்னேன். உள்ளதைத்தான சொன்னேன்? கடையில அப்படித்தான சொல்லுவோம், அவளும் எத்தனை தடவை சொல்லியிருக்கா. "அவசரத்துல விரல் விட்டுப்போச்சு, அடுத்த தடவை சுத்தமா எடுத்துருதேன்"னும் சொன்னேன். அதுக்கு மேல ஒரு மனுசன் என்ன சொல்ல முடியும்? சாயந்திரம் பஸ்ஸுக்குக் கிளம்புன்னேன். "நீங்க போங்க, நான் அம்மா கூட இருந்துக்கிடுதேன்"னுட்டா. ரெண்டு நாள் இருந்துட்டு வருவான்னு பாத்தேன். வரல.

பொட்டுக் கோவம்தான் தீரலைன்னு நினைச்சேன். பெத்த அம்மாவாச்சே. அதனால அதே படத்துல அத்தை பொட்டைத் திரும்ப வச்சு, வகிட்டுக் குங்குமம் வச்சு, மூக்குத்திக்கு ஒரு மினுக்குக் கொடுத்து போன்ல அனுப்பினேன். பாத்திருக்கா, பதில் இல்ல. மறுபடி அனுப்பினேன், இன்னும் கொஞ்சம் பெரிய பொட்டா வச்சு. அதுக்கும் பதில் இல்ல. கடைசியில அத்தைக்கே போன் போட்டேன். "மாப்ள, அவ பொட்டைப் பத்தி ஒரு வார்த்தை பேசலையே. நீங்களே அந்தப் படத்தை ஒருக்கா நல்லாப் பாருங்க"ன்னு சொல்லிட்டு வச்சிட்டாவ. நானும் பாத்தேன். பெரிசு பண்ணி மூலை மூலையா பாத்தேன். மாமா காதோரம் கொஞ்சம் பிசிறு. குத்துவிளக்கு ஒண்ணு நிழல் மாறி விழுந்திருக்கு. அப்புறம் இந்த விரலு. வேற ஒண்ணும் இல்ல.

ஒண்ணு சொல்லுதேன் அண்ணாச்சி, உங்ககிட்ட என்ன வெக்கம். அவ இல்லாம எனக்கு முடியல. காப்பி போட்டா கை தானா ரெண்டு டம்ளரை எடுத்து வைக்குது. கடையில அந்த ஸ்டூலை நகட்டிப் போடலாம்னா மனசு வரல. கால்ல இடிச்சிக்கிட்டே நடக்கேன். அவ வந்துட்டாப் போதும் எனக்கு, வேற ஒண்ணும் வேண்டாம்.

அப்படி இருக்கும்போதுதான் போன வாரம் அவளே கூப்பிட்டா. இந்த வாரம் அவங்க கோயில்ல கொடைத் திருவிழா. "கொடைக்கு அப்பா பேர்ல பேனர் வைக்கணுமாம், நீங்கதான் செய்யணும்னு அப்பா சொல்லுதாவ"ன்னா. "புதுசா ஒரு படம் எடுத்துருவமா?"ன்னேன். "வேண்டாம். அதே படத்தைப் போடுங்க. அம்மா அதுலதான் சிரிச்சிருக்கா"ன்னா. போனை வைக்குமுன்ன, "ஆனா அந்தக் கைக்கு ஒரு வழி பண்ணிட்டு வாங்க"ன்னா.

"பண்ணிட்டா வருவியா?"ன்னேன்.

"பஸ் ஸ்டாண்டுக்கு வாரேன். பேனரைப் பாக்கேன். மனசுக்கு ஒத்துச்சுன்னா அப்படியே உங்க கூட பஸ் ஏறுதேன். இல்லன்னா இனி இந்தப் பக்கம் வராதீங்க."

எப்படிப் பேசுதா பாத்தியளா? கட் அண்ட் ரைட்டா. பேனர்லயே நமக்கு டெஸ்ட் வைக்கா. வைக்கட்டும். நான் என்ன தொழில் தெரியாதவனா?

மேஜிக் வாண்டைத் தொடவே இல்ல அண்ணாச்சி. முழுக்கப் பென் டூல்தான். கடையில வந்த வேலை அம்புட்டையும் ஒதுக்கி வச்சிட்டு, அந்தக் கையை ஸ்கிரீன் பூரா வாறாப்புல பெரிசு பண்ணிக்கிட்டு உக்காந்தேன். ஒவ்வொரு விரலா, புள்ளி புள்ளியா. நகத்துல மருதாணி பாதி அழிஞ்சு கிடக்கு. மோதிரம் எங்க கல்யாணத்துல நான் போட்டது, அதுல நடுக்கல்லு விழுந்துபோயி இருக்கு. எப்ப விழுந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. சுண்டுவிரல்ல ஒரு நீட்டுத் தழும்பு, பேனர் ஓரம் வெட்டுற பிளேடு பட்டதா இருக்கும். அதையும் அவ சொல்லவே இல்ல. இத்தனை வருசமா அந்தக் கையில காப்பி வாங்கிக் குடிச்சிருக்கேன், இப்படி உத்துப் பாத்ததே இல்ல போங்க. அம்புட்டு உத்துப் பாத்தாத்தான் வெட்டு சுத்தமா வரும்.

கடைசிப் புள்ளி வச்சேன். நாலு விரலைச் சுத்தியும் எறும்பு ஊர ஆரம்பிச்சிட்டு. எனக்குச் சிரிப்பு வந்துட்டு அண்ணாச்சி. "என்னைச் சுத்தி எப்ப எறும்பு ஊரும்"னு கேட்டாள்லா, அந்த ஞாபகம் வந்துட்டு. இந்தா ஊருதுட்டி, உன் விரலைச் சுத்தித்தான் ஊருதுன்னு சொன்னேன். பக்கத்துல ஸ்டூல்தான் கிடக்கு. கொஞ்ச நேரம் அப்படியே பாத்துக்கிட்டு இருந்தேன். ஏன்னு தெரியல, டெலீட்டைத் தட்ட கை வரல. பிறவு, இப்படி உக்காந்திருந்தா அவ எப்படி வருவான்னு மனசைத் தேத்திக்கிட்டு தட்டிட்டேன்.

தட்டின இடத்துல ஓட்டை விழும்லா, அதை அடைக்கணும். அத்தை சேலையோட இந்தப் பக்கத் தோள்ல இருந்து துணியை எடுத்து, மடிப்புக்கு மடிப்பு சேத்து, கரைக்குக் கரை சேத்து ஒட்டினேன். ஃபெதர்னு ஒண்ணு இருக்கு, இறகு. ஓரத்தை இறகால தடவின மாதிரி மெத்துன்னு ஆக்கிரும். அதையும் கொடுத்தேன். இருங்க, ஓரத்தை மட்டும் விரிச்சுக் காட்டுதேன். அந்தப் பையைக் கொஞ்சம் நகட்டுங்க.

இந்தா, மாமா. உதடு எப்படி இருக்கு? இந்தா அத்தை. பொட்டு இருக்கா? நடுநெத்தியில, அச்சு அசலா. இப்ப இந்தத் தோளைப் பாருங்க. இந்த இடத்துலதான் நாலு விரல் இருந்துச்சு. தேடுங்க. தடவி வேணும்னாலும் பாருங்க. ஒருத்தரு நின்ன தடம் தெரியுதா? அதான் ஆவுடை டிஜிட்டல்ஸ்.

என்ன கேக்கிய? எம் பொண்டாட்டி எங்கயா? இதுல எதுக்கு அண்ணாச்சி அவ? அவளுக்காகத்தான இதையே செஞ்சிருக்கேன். கீழ வரிசையிலயா? அது அதே வரிசைதான், மாத்தல. கணக்கப்பிள்ளைக்குப் புதுப் போட்டோ வச்சிருக்கேன், அவ்வளவுதான்.

என்ன? கைக்கு ஒரு வழின்னா, கைக்கு உரிய ஆளைச் சேக்கச் சொல்லியிருப்பாளா? நீங்க ஒரு ஆளு. ஒரு வழி பண்ணுறதுன்னா, தீத்துக்கட்டுறதுதான? பயலை ஒரு வழி பண்ணிட்டேன்னு சொல்லுதோம், அவனைக் கூப்பிட்டு நாற்காலி போட்டேன்னா அர்த்தம்? அப்படி ஆசை இருந்தா வாயைத் திறந்து, எம் போட்டோவையும் வைங்கன்னு சொல்லியிருப்பால்லா. சொல்லத் தெரியாதவளா அவ? கேக்கவே இல்லையே.

கேட்டான்னா, அது எப்பவோ. எறும்பு விசயம். விளையாட்டுக்குக் கேட்டா. சிரிச்சாளே.

ஏன் அண்ணாச்சி சன்னல் பக்கம் திரும்பிக்கிட்டிய? வெயில் அடிக்குதா? திரையை இழுத்து விடுங்க.

நீங்க பேனர் தொழில்ல இல்ல, அதான் அப்படித் தோணுது. பின்னால ஆளைச் சேத்தா டிசைன் கூட்டமாயிரும். பிள்ளையாருக்கே இடம் இருக்காது.

அந்தா வந்துட்டு, எலுமிச்சங்கா மார்க்கெட்டு. கண்டக்டர் சார், புளியங்குடி இறங்கணும், பெரிய லக்கேஜ் இருக்கு, பைய நிறுத்தச் சொல்லுங்க! அண்ணாச்சி, அங்க பாருங்க, டீக்கடைக்கு முன்னால. அத்தை! இங்க இருந்தே பொட்டு தெரியுதா? பக்கத்துல பச்சைச் சேலையில நிக்கா பாருங்க, அவதான். உலகம்மா. அம்மா தோள்ல கையைப் போட்டுக்கிட்டு, அந்தப் படத்துல நிக்குறாப்புலயே நிக்கா! மெலிஞ்சு போயிட்டாளோ?

அவ காலடியில எட்டிப் பாருங்க. பை இருக்கா? எனக்கு அந்தத் தூணு மறைக்குது. இருக்கா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க. பெரிய பையா? ரெண்டா! துணிமணி எல்லாம் எடுத்துக்கிட்டுத்தான் வந்திருக்கா அண்ணாச்சி, நான் சொன்னேன்லா, வந்துருவான்னு! எனக்குக் கண்ணு ஒரு மாதிரி இருக்கு. வந்துட்டா அண்ணாச்சி.

நீங்களும் இறங்கணும்லா, ஒரு உதவி பண்ணுங்க. இந்த முனையைப் பிடிச்சுக்கிடுங்க. இப்ப வேண்டாம்ங்கியளா? முதல்ல போயி அவகிட்ட ரெண்டு வார்த்தை பேசணுமா? பேசறதுக்கு என்ன இருக்கு, பேனரைப் பாக்கேன்னுதான் சொன்னா. இறங்கினதும் அவ கண்ணு முன்னால விரிச்சிருவோம். கையை ஏன் இப்படி விறைச்சுக்கிட்டு நிக்கிய, நல்லா இழுத்துப் பிடிங்க. மத்த இடம் எப்படிப் போனாலும் போகட்டும், அந்தத் தோளுகிட்ட மட்டும் சுருக்கம் விழாமப் பாத்துக்கிடுங்க. அவ முதல்ல அங்கதான் பாப்பா.